இரவெல்லாம் விழித்திருக்கும் இலை

யுவான் மேய் என்ற சீனக் கவிஞர், உணவின் ருசியறிந்து எழுதியவர்களுள் அந்நாட்டார் முதல் வரிசையில் வைத்துப் போற்றும் ரசிகர், தமது எழுபதாம் வயதில், 1786ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஃபுஜியன் மாகாணத்தின் வடகோடியிலுள்ள வூயி மலைக்கு யாத்திரை போனார். அதுவரை அந்த மலையின் தேயிலை அவருக்குப் பிடித்ததே இல்லை. கஷாயம் குடிப்பதுபோலக் கசப்பும் கனமுமாக இருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அவர் பிறந்த ஹாங்சௌ நகரமோ லுங்சிங் என்னும் பச்சைத் தேயிலைக்குத் தாயகம்; அந்த மெல்லிய நீரிலே பழகிய நாக்குக்கு வேறெதுவும் ஒப்பாமற் போனதில் வியப்பில்லை. ஆனால், மலைமேல் இருந்த மடங்களில் பௌத்தத் துறவிகளும் தாவோ நெறித் துறவிகளும் போட்டியிட்டு உபசரித்து, நார்த்தங்காய் அளவேயான கூஜாவிலிருந்து, அக்ரோட்டுக் கொட்டை அளவேயான கிண்ணத்தில் வார்த்துக் கொடுத்த அந்த நீரை, ஒரே மடக்கில் விழுங்க மனம் வராமல், முதலில் முகர்ந்து, பிறகு நாவில் நிறுத்தி, மென்று தின்பதைப்போல மெல்ல மெல்ல அருந்திய பிறகு, தம் ஊர்த் தேயிலை தெளிவுடையதேயாயினும் சாரம் குறைந்தது என்று அந்த முதியவர் ஒப்புக்கொண்டார். ஜேட் கல்லுக்கும் ஸ்படிகத்துக்கும் உள்ள தாரதம்மியம் இவ்விரண்டுக்கும் உண்டு என்ற பொருள்பட, 1792இல் வெளிவந்த தமது சமையல் நூலில் அவர் எழுதியும் வைத்தார்.

இந்தக் கதையை முதன்முதல் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. ஏனெனில், பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இந்த ஜாதித் தேயிலையை, நம் வீட்டு வழக்கப்படி பாலிலே போட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்து, இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "இதில் என்ன ஐயா விசேஷம்?" என்று அவரிடமே கேட்டவன் நான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த இலையில் ஒரு பிடி எடுத்து, மூடியுள்ள கிண்ணத்தில் இட்டு, கொதிநீரை வார்த்து, ஒரு கணத்தில் அந்த நீரைக் கீழே கொட்டிவிட்டு, மூடியை மட்டும் என் மூக்கருகே நீட்டினார். பூ எதுவும் கலவாத அந்த இலையிலிருந்து பூவின் பரிமளம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை.

அந்தத் தேயிலைக்கு ஊலாங் என்று பெயர். கரிய டிராகன் என்பது அதன் சொற்பொருள். கறுத்து முறுக்கேறிய உலர்ந்த இலை அந்த மாய சர்ப்பத்தை நினைவூட்டியதால் வந்த பெயர் என்பர் சிலர். ஃபுஜியனின் தென்பகுதியிலுள்ள ஆன்சி வட்டாரத்தாரோ, கொழுந்து பறிக்கப் போன ஒருவன் இடையில் ஒரு மானைக் கண்டு வேட்டையில் இறங்கி, முதுகுக் கூடையில் குலுங்கிக் குலுங்கி நசுங்கிய இலையை அன்றிரவு பக்குவப்படுத்த மறந்துபோக, மறுநாள் அதில் புதியதொரு மணம் எழுந்தது என்று ஓர் ஐதிகம் சொல்வார்கள். இத்தகைய ஐதிகங்களைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இந்தக் கதையைக் கட்டியவன் விஷயம் தெரிந்தவன். குலுக்கலும், காத்திருத்தலும், ஓர் இரவும் ஆகிய மூன்றையும் அவன் கதைக்குள் வைத்துவிட்டான்.

நாம் 'தேயிலை' என்று சொல்லும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, இந்த மாகாணத்தின் பேச்சையே பேசுகிறோம். சீனத்தின் பெரும்பகுதியில் இச்செடிக்குச் 'சா' என்று பெயர். தரைவழியே பாரசீகம் சென்று 'சாய்' ஆனது அதுதான். ஃபுஜியனின் தென்கரை மக்கள் மாத்திரம் அதைத் 'தே' என்பார்கள். அக்கரைத் துறைமுகத்து வியாபாரிகளிடம் சரக்கு வாங்கிய டச்சுக்காரர்கள் சரக்கோடு சொல்லையும் ஏற்றிக்கொண்டு போக, அது ஐரோப்பியர் நாவில் உருண்டு நம்மிடம் வந்து, இலை என்ற நம் சொல்லோடு சேர்ந்து தேயிலையாயிற்று. வூயி என்ற மலைப்பெயரும் அவ்வாறே 'போஹி' எனத் திரிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் கறுத்த தேயிலைக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கியது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கக் குடியேறிகள் கடலில் கவிழ்த்த 342 பெட்டிகளுள் பெரும்பாலானவை போஹியே. தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய பேராசான் லின்னேயஸ்கூட இந்தப் பெயரால் ஏமாந்தார். முதலில் தேயிலைச் செடி ஒன்றே என்று எழுதியவர், 1762இல் வெளியான மறுபதிப்பில் போஹிச் செடி வேறு, பச்சைத் தேயிலைச் செடி வேறு என்று இரண்டாகப் பிரித்துவிட்டார். செடி ஒன்றே, பக்குவமே வேறு என்பதை ராபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்டக்கலை நிபுணர் 1840களில் சீனத்துக்குள் புகுந்து நேரில் கண்டு எழுதிய பிறகே ஐரோப்பா தெளிவடைந்தது. சீன உடையணிந்து, தலைமயிரை மழித்துப் பின்னல் தொங்கவிட்டுக்கொண்டு, 1849இல் அவர் வூயி மலைக்கே போய்ச் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செடிகளையும் தொழிலாளரையும் இமயமலைச் சாரலுக்கு அனுப்பியவரும் அவரே.

செடி ஒன்றுதான் என்று தெரிந்ததும் உலகம் இன்னொரு பிழையில் விழுந்தது. பச்சைத் தேயிலை புளிக்காதது, நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலை முழுக்கப் புளித்தது, ஊலாங் பாதி புளித்தது என்று வகுத்து, இன்றைக்கும் பொட்டலத்தின்மேல் அப்படியே அச்சிட்டு விற்கிறார்கள். இந்த வர்ணனையில் இரண்டு தவறுகள் உள்ளன. புளிப்பது என்பது தோசை மாவிலும் தயிரிலும் நடப்பது. அது நுண்ணுயிர்களின் தொழில். தேயிலையில் நடப்பது, வெட்டி வைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதைப் போன்ற, இலை தன் நொதியைக் கொண்டே பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்ளும் செயல். இது முதல் தவறு. பாதி என்பது இரண்டாவது தவறு, இதுவே பெரியது. பச்சையிலிருந்து கறுப்புக்குப் போகும் பாதையில் நடுவழியில் நிறுத்தினால் கிடைப்பது ஊலாங் என்று கொண்டால், அதன் மணம் பச்சையில் கால்பங்காகவும் கறுப்பில் முக்கால்பங்காகவும் தென்பட வேண்டுமல்லவா? அப்படித் தென்படுவதில்லை. ஊலாங்கின் தனி மணம் அவை இரண்டிலும் பெரும்பாலும் இல்லாத ஒன்று. ஆகவே அது வேறொரு பாதை.

அந்தப் பாதையைச் சீனர் கண்டுகொண்டது மிகப் பழைய காலத்தில் அன்று. ஆதியில் அவர்கள் இலையை ஆவியில் வேக வைத்து இடித்து வில்லையாக அழுத்திச் சேமித்தார்கள். வூயி மலையில் நீரோடையின் நாலாவது வளைவருகே, மங்கோலிய வமிசத்தார் 1302இல் அமைத்த அரசாங்கத் தோட்டத்திலும் வில்லையே தயாராயிற்று. மிங் வமிசத்தை ஸ்தாபித்த ஹுங்வூ சக்கரவர்த்தி, குடிகளின் உழைப்பைக் கருதி, இனிக் கப்பமாக வரும் தேயிலை உதிரி இலையாகவே வரட்டும் என்று 1391இல் கட்டளை பிறப்பித்த பின்னர், இடிப்பதற்கு என்றிருந்த இலை முழுசாக நின்றது. முழு இலை நின்ற பிறகுதான் அதை வாட்டியும் குலுக்கியும் வறுத்தும் பார்க்கும் பரீக்ஷைகளுக்கு இடம் உண்டாயிற்று. ஊலாங்கின் செய்முறையை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் எழுத்து 1717ஐ ஒட்டி வாங் சாவ்தாங் என்பவர் எழுதிய குறிப்பு. அதை, அம்மலைப் பிரதேசத்தில் அதிகாரியாக இருந்த லு டிங்சான், 1734இல் தாம் தொகுத்த தேயிலை நூலில் எடுத்துக் காட்டினார். பறித்த இலையைக் காற்றிலும் வெயிலிலும் பரப்பி, பின் குலுக்கி, மணம் கிளம்பிய அந்த வேளையிலேயே வறுத்துவிட வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் கெட்டது என்பது வாங் தரும் விதி. வேறெங்கும் வறுப்பதோ உலர்த்துவதோ ஒன்றுதான் உண்டு, இங்கு மட்டும் இரண்டும் உண்டு, அதனால்தான் நீரில் விரிந்த இலை பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருக்கிறது, வறுத்ததால் பச்சை, தணலில் வாட்டியதால் சிவப்பு என்று காரணமும் சொன்னார். காரணம் பிழை, சிவப்பு நெருப்புக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதிய அந்த மனிதரின் பார்வையில் பிழையே இல்லை.

வூயி மலை சிவந்த மணற்பாறையால் ஆனது. மழையும் காலமும் அதனைச் செங்குத்தாக அறுத்துவிட்டமையால், முப்பத்தாறு சிகரங்களும் தொண்ணூற்றொன்பது பாறைகளும் என்று கவிஞர் எண்ணிச் சொல்லும் குன்றுகளுக்கிடையே, ஆள் நடக்கும் அகலமே உள்ள பிளவுகள் பல உள்ளன. பாறைச் சுவர் இருபுறமும் நிற்பதால் உச்சிவேளையில் மட்டுமே வெயில் எட்டிப் பார்க்கும். கசியும் நீரால் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். கல் மக்கிய மண்ணோ நீரைத் தேக்காமல் விட்டுவிடும். சிதைந்த கல்லில் முளைத்த தேயிலை உத்தமம், சரளையில் மத்திமம், மஞ்சள் மண்ணில் அதமம் என்று, எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே முதல் சாஸ்திரம் இயற்றிய லு யூ வகுத்தது இந்த மலைக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. பாறைப் பிளவில் விளைந்தது, பாறைக்கு வெளியே சரிவில் விளைந்தது, ஓடைக்கரைச் சமவெளியில் விளைந்தது என்று இன்றும் தரம் பிரித்து விலை வைக்கிறார்கள். நூறு கஜ தூரத்துக்குள் விலை பல மடங்கு மாறும்.

கொழுந்து என்றால் நாம் நினைப்பது ஒரு மொட்டும் இரண்டு இலையும். நீலகிரியிலும் இலங்கையிலும் நம் பெண்களின் விரல்கள் கிள்ளி எடுப்பது அதையே. ஊலாங்குக்கு அது ஆகாது. குருத்து மொட்டு வளர்ச்சி அடங்கி முழு இலையாக விரியும் வரை காத்திருந்து, முற்றத் தொடங்கிய மூன்று நான்கு இலைகளைக் காம்போடு பறிக்க வேண்டும். இளங்கொழுந்து மிருதுவானது, இரவெல்லாம் படப்போகும் அடியை அது தாங்காது. முற்றிய இலைக்கோ தோல் தடிப்பு; அதன் காம்பில் நீரும் சாரமும் நிறைய உண்டு. வூயி மலையில் இந்த அறுவடை ஏப்ரல் மாதக் கடைசியில் தொடங்கி மே நடுவோடு முடிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறைதான்.

காலையில் பனி உலர்ந்த பின் பறித்த இலையை மாலை வெயிலில் மூங்கில் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்புவார்கள். எடையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு குறைந்து, இலை தலை தொங்கி, பளபளப்பு மங்கியதும் உள்ளே எடுத்து நிழலில் ஆறவிட்டால், சற்று நேரத்தில் காம்பிலிருந்த நீர் நரம்பு வழியே ஏறி, வாடிய இலை மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பறித்தெடுத்த இலைக்கு மறுபடியும் ஜீவகளை வருவதைப் பார்ப்பவர்கள், அது இன்னும் சாகவில்லை என்பதை ஒரு பாடமும் இல்லாமலே அறிந்துகொள்கிறார்கள்.

அதன் பிறகு தொடங்குவதுதான் இராத்திரி வேலை. அகன்ற மூங்கில் தட்டை இரு கையாலும் பற்றி, நம் வீட்டில் முறத்தில் அரிசியைக் கொழிப்பதுபோலச் சுழற்றிச் சுழற்றிக் குலுக்கினால், இலைகள் சுருளாக எழும்பி ஒன்றோடொன்று உராய்ந்து விழும். ஓரம் மட்டும் கன்றும். நடு இலைக்கு ஒன்றும் ஆகாது. முதல் முறை சில சுழற்சிகள்தாம். பின் தட்டுகளை அடுக்கில் வைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சும்மா விட்டுவிடுவார்கள். மறுபடி குலுக்கல், இம்முறை சற்று அதிகம், மறுபடி ஓய்வு. இப்படி ஏழெட்டு முறை, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், பொழுது விடியும் வரை நடக்கும். இப்போதெல்லாம் பெரும்பாலான இடங்களில் மூங்கிலால் முடைந்த உருளை ஒன்றை மின்சாரத்தால் சுற்றுகிறார்கள். சுற்றுவது யந்திரமாயினும், எப்போது சுற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்ல ஒரு மூக்கு அருகில் தேவைப்படுகிறது. முதல் ஜாமத்தில் வருவது அறுத்த புல்லின் வாடை. அது தணிந்து, நடுநிசிக்குப் பின் பூவாசம் எழும். அதுவும் கனிந்து பழவாசமாக மாறும் தறுவாயில் நெருப்பு தயாராயிருக்க வேண்டும். வடகாற்று வீசினால் இலை விரைவில் உலரும். தென்காற்று வந்தால் நீர் நகராமல் தேங்கிவிடும். சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவர்கள் கம்பிப் பதத்துக்குக் கடிகாரம் பார்ப்பதில்லையே. அதுபோல, அன்றைய இலையையும் அன்றைய வானத்தையும் பார்த்தே இதனைச் செய்ய வேண்டும் என்பது அந்தத் தொழிலாளர் கொள்கை.

அந்த இருட்டறையில் இலைக்குள் என்ன நிகழ்கிறது? தேயிலையின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருள்கள். அவற்றுள் தலையானவை காட்டெக்கின்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்கு நன்கு பழக்கமான காசுக்கட்டியிலிருந்து ஐரோப்பியர் முதலில் பிரித்தறிந்த பொருள் ஆகையால், அதன் பெயரைத் தழுவியே இப்பெயர் எழுந்தது. உயிரணுவின் சாற்றறைக்குள் இவை அடைபட்டுக் கிடக்கின்றன. இவற்றைப் பிராணவாயுவோடு சேர்க்கும் நொதியோ பசுமைப் பொருள் இருக்கும் வேறு அறையில் இருக்கிறது. உயிரணு உடைந்தால் இரண்டும் கூடும். கூடினால் மஞ்சளும் சிவப்புமான புதிய பொருள்கள் பிறக்கும். பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் பறித்த கையோடு சூட்டினால் அந்த நொதியைக் கொன்றுவிடுகிறார்கள். கறுப்புத் தேயிலை செய்கிறவர்கள் இலையை நசுக்கிப் பிழிந்து எல்லா அறைகளையும் உடைத்துவிடுகிறார்கள். ஊலாங்கில் ஓரத்து அறைகள் மட்டும் உடைகின்றன. நிறத்தின் ரகசியம் இவ்வளவே.

மணத்தின் ரகசியம் இதைவிட ஆழமானது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் நன்றாகத் துலங்கியது. இலையில் வாசனைப் பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்து வாசமின்றி உறங்குகின்றன, நசுக்கும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்து அவற்றை விடுவிக்கின்றன என்பது பழைய விளக்கம். கறுப்புத் தேயிலைக்கு அது பொருந்தும். ஊலாங்கிலோ நடு இலையின் அறைகள் உடைவதே இல்லை. பிணைந்த வாசனை சாற்றறையிலும், பிணைப்பறுக்கும் நொதி உயிரணுவின் சுவரிலும் தனித்தனியே இருக்க, இரண்டும் சந்திக்க வழியேது? ஆராய்ந்து பார்த்தபோது, ஊலாங் தயாரிப்பில் அந்தப் பிணைந்த வாசனைகள் அதிகம் குறையவே இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் மணம் விடுவிக்கப்பட்டதன்று, புதிதாக உண்டாக்கப்பட்டது. உண்டாக்கியது உயிருள்ள இலை.

செடியில் புழு கடித்தால், கடிபட்ட இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகும். அது எச்சரிக்கை மணிபோல உயிரணுவின் மரபுக் கட்டளைகளைத் தட்டி எழுப்ப, இலை பலவகை வாசனைகளைச் சமைத்துக் காற்றில் விடும். பறிக்கப்பட்ட இலைக்குத் தான் பறிக்கப்பட்டது தெரியாது. தட்டில் உராயும் ஒவ்வொரு உராய்வையும் அது ஒரு கடியாகவே எடுத்துக்கொண்டு, காம்பில் மிஞ்சிய நீரையும் சாரத்தையும் செலவழித்து, விடிய விடியத் தற்காப்பு நடத்துகிறது. அந்தப் போராட்டத்தில் அது உண்டாக்கும் நெரோலிடால், இண்டோல், ஜாஸ்மின் லாக்டோன் முதலிய பொருள்களே நம் மூக்குக்குப் பூவாசமாகப் படுகின்றன. ஒருமுறை காயப்படுத்தி விட்டால் இவை அதிகம் சேர்வதில்லை. விட்டு விட்டுத் தொடர்ந்து காயப்படுத்தினால்தான் சேரும். முற்றிலும் நசுக்கினால் இலை செத்துப்போகும். செத்த இலை எதையும் சமைக்காது. பச்சையிலும் கறுப்பிலும் இந்த மணம் ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும்: ஒன்றில் இலைக்கு நேரமில்லை, மற்றொன்றில் உயிரில்லை.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியும் அன்று. நண்பகலில் மொட்டாகப் பறித்துத் தொடுத்த மல்லிகை, செடியைப் பிரிந்து பல நாழிகை ஆன பின், அந்தியில் கூந்தலில் இருந்துகொண்டே மலர்ந்து மணப்பதை நாம் தினமும் காண்கிறோம். உறவு இதோடும் நிற்கவில்லை. ஜாஸ்மோனிக் அமிலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பொருளை ரசாயன அறிஞர்கள் 1962இல் முதலில் பிரித்தெடுத்தது நம் ஜாதிமல்லியின் எண்ணெயிலிருந்துதான்; பெயரும் மல்லிகையின் பெயரே. இண்டோல் மல்லிகையிலும் உண்டு. அது மிகச் சிறிய அளவில் பூவாக மணக்கும், அளவு கூடினால் மலமாக நாறும் விசித்திரப் பொருள். எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மலைவாசிகளின் கவலையாக மட்டும் இல்லாமல் ரசாயனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது போலும்!

மணம் உச்சத்தை எட்டிய அந்தக் கணத்தில் இலையை இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட சூடுள்ள இருப்புச்சட்டியில் கொட்டிப் புரட்டுவார்கள். சில நிமிஷத்தில் நொதிகள் அழிந்து, இலை நிஜமாகவே இறக்கிறது. சூடாறும் முன் உருட்டி முறுக்கினால் சாறு மேலே வந்து படியும். பிறகு உலர்த்தல், காம்பு நீக்கல். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலை மிஞ்சும்.

பல ஊர்களில் இதோடு சரி; வூயி மலையில் இன்னும் பாதி வேலை இருக்கிறது. குழியில் கெட்டி மரக்கரியை எரித்துப் புகையும் சுவாலையும் அடங்கிய பின், தணலின்மேல் மெல்லிய சாம்பலைப் போர்த்துவார்கள். நீறுபூத்த நெருப்பு என்று நாம் உவமைக்குச் சொல்வது அங்கே அடுப்பு. இடை சிறுத்த மூங்கில் கூடையில் இலையை இட்டு அதன்மேல் வைத்து, மணிக்கணக்காகக் கிளறிக் கிளறி வாட்டி, எடுத்துச் சில வாரம் ஓய்வு கொடுத்து, மறுபடி வாட்டுவார்கள். இந்தச் சூட்டில் இலையிலுள்ள தியானின் முதலிய அமினோ அமிலங்கள் சர்க்கரையோடு கூடி, ரொட்டியின் மேலோடு சிவக்கும்போதும் நிலக்கடலை வறுபடும்போதும் எழுவதைப் போன்ற மணங்களைத் தருகின்றன. எளிதில் ஆவியாகும் பச்சை வாடை பறந்துபோக, கனமான பூவாசனை தங்கிவிடுகிறது. மே மாதம் பறித்த இலை மனிதர் குடிக்கத் தக்கதாகும்போது பெரும்பாலும் இலையுதிர் காலம் வந்துவிடும். கரியின் வாடையே பிரதானமாகும் வரை வாட்டி, மட்ட இலையின் குறையை மறைக்கும் வியாபாரிகளும் உண்டு. அத்தகைய சரக்கை வூயி மலையின் பாறைத் தேயிலை என்று வாங்கிக் குடித்துவிட்டு, ஊலாங் என்றால் கருகல்தானே என்பவர்களை நான் குறை கூற மாட்டேன்.

ஆன்சி வட்டாரத்தின் ஊலாங்குக்குத் தியே குவான்யின், அதாவது இரும்புக் குவான்யின், என்று பெயர். துணியில் மூட்டையாகக் கட்டி இறுக்கி இறுக்கி உருட்டுவதால் இலை சிறு உருண்டைகளாகிக் கனக்கும். இரும்பு என்ற அடைமொழிக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். குவான்யின் என்பது அவலோகிதேசுவர போதிசத்துவருக்குச் சீனர் இட்ட பெயர். அகத்தியர் தமிழ் கற்றது அந்த அவலோகிதனிடம் என்று கூறும் வீரசோழியத்தை நாம் அறிவோம். நம் இலக்கண நூலில் ஆசிரியராக வரும் கருணாமூர்த்தி அங்கே ஒரு செடிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அண்மைக் காலமாக இதனை அதிகம் வறுக்காமல் பசுமையாகவே விற்கிறார்கள். முதல் இரண்டு கிண்ணத்தில் மயக்கும். அதற்குமேல் அதில் ஆழமில்லை என்பது என் கருத்து. கடல் கடந்து தைவானில் உண்டான ஒரு வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே தத்துப்பூச்சி என்ற சிறு பூச்சி சாறு உறிஞ்சிய கொழுந்தையே தேடிப் பறிக்கிறார்கள். மனிதன் தட்டில் செய்யும் வேலையில் முதல் பாகத்தைப் பூச்சி செடியிலேயே செய்துவிடுவதால் தேன்மணம் வருகிறது. பூச்சி அரித்த இலையை நல்ல விலைக்கு விற்றதாகச் சொன்ன குடியானவனை அக்கம்பக்கத்தார் நம்பாததால், புளுகுத் தேயிலை என்று அதற்குப் பெயராம்.

பருகும் முறைக்கு வருவோம். ஏழெட்டு கிராம் இலைக்கு நூறு மில்லிக்குச் சற்று அதிகமான நீர் போதும்; கிண்ணம் முக்கால்வாசி இலையாலேயே நிறைந்திருக்கும். நீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும், கனமான வாசனைகள் வெதுவெதுப்பான நீருக்கு இளகா. ஆனால் நேரம் விநாடிக் கணக்குத்தான். நிற்க விட்டால் துவர்ப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். பால் சேர்த்தால் அதன் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு, நீரைச் சாதுவாக்குவதோடு மணத்தையும் அடக்கிவிடும். என் முதல் அனுபவம் அதற்குச் சாட்சி. அதே இலை ஏழு முறைக்குக் குறையாமல் நீர் தாங்கும். ஒவ்வொரு முறையும் வேறொன்று வருகிறது: முதலில் தணலின் நினைவு, பிறகு பூ, பிறகு மரப்பட்டையும் ஈரக்கல்லும் போன்ற ஒன்று. பாறையின் சாரம் என்று வூயி மலைக்காரர் பெருமையோடு சொல்வது இந்தக் கடைசிப் பொருளைத்தான். துவர்ப்பு எச்சிலிலுள்ள புரதத்தைக் கவ்வுவதால் நாக்கு ஒரு கணம் உலர்ந்து, அது விடும்போது தொண்டையில் இனிப்பு ஊறும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வூயி மலையில் ஒன்பது டிராகன் கூடு என்ற பள்ளத்தாக்கில், ஒரு பாறைச் சுவரின் பாதி உயரத்தில் கல் அடுக்கிய திட்டில் ஆறு செடிகள் நிற்கின்றன. தா ஹோங் பாவ், பெரிய செவ்வங்கி, என்று அருகே பாறையில் செதுக்கியிருக்கிறது. நோய் தீர்த்ததற்கு நன்றியாக ஒரு ராஜாங்க அதிகாரி தம் சிவப்பு அங்கியை அச்செடிகளுக்குப் போர்த்தினார் என்பது கதை. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. கடைசி அறுவடையில் இருபது கிராமைப் பெய்ஜிங்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் 2007இல் சேர்த்துவிட்டார்கள். கடையில் அப்பெயரோடு கிடைப்பது அந்தச் செடிகளின் கிளையிலிருந்து பதியமிட்டு வளர்த்ததோ, பல செடிகளின் இலையைக் கலந்ததோ ஆகும்; அதனால் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம், நன்றாகக் கலந்தது மிக நன்றாகவே இருக்கும்.

உங்களுக்கு ஒரு பொட்டலம் கிடைத்தால், ஏழாவது கிண்ணத்துக்குப் பிறகு சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளைக் கோப்பையில் குளிர்ந்த நீர் விட்டு ஓர் இலையை அதில் விரியவிட்டுப் பாருங்கள். நடுவில் பச்சையும் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கரையும் தெரிந்தால், யாரோ ஒருவர் அந்த இலையோடு ஓர் இரவு முழுவதும் கண் விழித்திருக்கிறார்.